இரண்டு மாத்திரை

மேடை அவள் காலடியில் லேசாகச் சாய்ந்தது.

பலகைதான் ஆடுகிறதோ என்று பக்கத்தில் நின்ற ஜெயமேரியின் காலைப் பார்த்தாள். ஆணி அடித்த மாதிரி நின்றிருந்தது.

அப்படியானால் ஆடுவது பலகை இல்லை.

முதுகுக்குப் பின்னால் பெரிய பேனர். 'பாட்டே மருந்து: குடியிருப்போர் நல்வாழ்வுக்கான கலைவழித் திட்டம்.' அதில் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும் யாரும் இந்த ஹவுசிங் போர்டில் குடியிருக்கவில்லை. குடியிருப்பவர்கள் மூலையில், தபால் தலை அளவில் இருந்தார்கள்.

பாடும் பெண்களுக்கு ஒரே நிறத்தில் புடவை கொடுத்திருந்தார்கள். மன அமைதிக்கு உகந்த நிறமாம். காலையில் உடுத்தியது. இப்போதே சாயம் விட்டு, கழுத்தில் கொஞ்சம் அமைதி ஒட்டியிருந்தது.

மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று சிறப்பு விருந்தினர் பேசி முடிப்பதற்குள் கூட்டத்துக்கு அது ஏறிவிட்டது.

பிறகுதான் பாட்டு.

கீழே நிரஞ்சன் சார் கையை உயர்த்தினார். பாட்டு சொல்லிக்கொடுக்க வந்தவர். குர்தா, சின்னத் தாடி. முக்கியமான எதையும் கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்வார்.

நல்ல பிள்ளை. "தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்த முதல் ஆள்.

அதனால்தான் அன்றைக்கு ஒத்திகையில் அவர் சொன்னதை அவள் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டாள்.

"பூங்காவனம்மா, மூச்சு விடாம ஓடுறீங்க. ரெண்டு மாத்திரை நிறுத்துங்க. அப்புறம் பாருங்க, எவ்ளோ லேசா இருக்கும்னு."

தினம் அவள் விழுங்குவது மூன்று. பிரஷருக்கு ஒன்று. சர்க்கரைக்கு ஒன்று. நெஞ்சுக்கு ஒன்று.

எந்த இரண்டு என்று அவர் சொல்லவில்லை.

அத்தனை பேர் நடுவில் கேட்கக் கூச்சம்.

வீட்டுக்கு வந்து மூன்றையும் உள்ளங்கையில் போட்டு வெகுநேரம் பார்த்தாள். சர்க்கரை மாத்திரைதான் பெரியது. பெரியதை விடக்கூடாது என்று பட்டது. மற்ற இரண்டையும் டப்பாவில் திருப்பிப் போட்டாள்.

சார் சொன்னது சரிதான். லேசாகத்தான் இருந்தது.

தலை மட்டும்.

பாட ஆரம்பித்த பிறகு உடம்பில் என்ன மாற்றம் என்று திட்டத்து மேடம் வந்து கேட்டபோதும் ஒளிக்காமல் சொன்னாள். ரெண்டு மாத்திரையை நிறுத்திட்டேன். மேடம் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கூட வந்தவர் அதைப் படம் எடுத்தார். யார் நிறுத்தச் சொன்னது என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

பாட்டு இரண்டாவது சரணத்துக்கு வந்தது.

நிரஞ்சன் சார் இரண்டு விரலைக் காட்டினார்.

எல்லா வாயும் மூடின.

அந்த அமைதியில் ஒரே ஒரு குரல் மட்டும் தனியாக நடந்து போயிற்று. அவளுடையது.

ஜெயமேரி இடுப்பில் இடித்தாள். "ரெண்டு மாத்திரை நிறுத்தணும்ல? எங்கடி ஓடுற?"

"நிறுத்திட்டேனேடி. அப்பவே."

"இன்னாத்த நிறுத்துன? ஒரு தபா கண்ணு சிமிட்டுனா ஒரு மாத்திரை. ரெண்டு சிமிட்டு, வாய மூடு. மொத நாளே சொல்லிக்குடுத்தாரே."

முதல் நாள் அவள் போகவில்லை. பெரியாஸ்பத்திரியில், மாத்திரை வாங்கும் வரிசையில் நின்றிருந்தாள்.

பாட்டு மறுபடி கிளம்பியது. அவள் வாயை மட்டும் அசைத்தாள்.

கண் சிமிட்டுவது மாத்திரை என்றால், டப்பாவில் கிடப்பது?

சார் சொன்னது வேறு என்றால், லேசாக இருக்கும் என்றாரே. இருந்ததே.

தப்பு எங்கே என்று பிடிக்க முடியவில்லை. பிடிக்கப் போனால் மேடை சாய்ந்தது.

கைதட்டல். பாட்டு முடிந்துவிட்டது போல.

மேடம் மைக்கை எடுத்துக்கொண்டு வந்து அவளை முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"திட்டத்தோட வெற்றிக்கு வேற சாட்சியே வேணாம். தினம் மூணு மாத்திரை சாப்பிட்டுட்டிருந்தவங்க இவங்க. இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு!"

சிறப்பு விருந்தினர் எழுந்தே நின்றுவிட்டார். அவர் எழுந்ததால் முன்வரிசை எழுந்தது. முன்வரிசை மறைத்ததால் மீதிப்பேரும் எழுந்தார்கள்.

நிரஞ்சன் சாரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடையைப் பிரித்தார்கள். விருந்தினர் மைக்குக்குக் குனிந்தார்.

"மிச்சம் இருக்கற ஒண்ணை எப்பம்மா நிறுத்தப்போறீங்க?"

கூடம் சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. "எனக்கு இன்னா தெரியும்? ரெண்டு மாத்திரை நிறுத்தச் சொன்னது சார்தான். அவரையே கேளுங்க."

நிரஞ்சன் சாரின் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. முகம் மட்டும் அதை விட்டு விலகிப் போயிற்று. உதடு, சத்தமில்லாமல், அவர் ஒத்திகையில் சொன்னதை ஒருமுறை சொல்லிப் பார்த்தது.

பொன்னாடை அவர் தோளில் விழுந்தது. மைக் கைக்கு வந்தது.

மேடை இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. அவள் ஜெயமேரியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

கண்ணைச் சிமிட்டினார்.

ஒரு மாத்திரை.

மறுபடியும்.

இரண்டு மாத்திரை.

மூன்றாவது முறை மூடிய கண்ணை அவர் உடனே திறக்கவில்லை.