இருநூறு தாம்பூலப் பைகள்

கல்யாணத்துக்கு முந்தின நாள் இருநூறு தாம்பூலப் பைகளைக் காணவில்லை. தேடிப் போன மாப்பிள்ளையின் அம்மா தனபாக்கியம், ஆராய்ச்சி வயலில் திகைத்து நின்றாள். மக்காச்சோளச் செடிகளெல்லாம் ‘வருகைக்கு நன்றி’ என்று அச்சிட்ட பைகளைத் தலையில் கவிழ்த்திருந்தன.

“எங்க பையெல்லாம் மழையில கிழிஞ்சிருச்சு அத்தை,” என்றாள் மணப்பெண் மதிவதனி. “ஆண்பூவை மூடலைன்னா எந்தக் கதிருக்கு எது அப்பான்னே தெரியாது. மூணு வருஷ ஆராய்ச்சி போயிரும்.”

“தெரிஞ்சு என்ன பண்ணுவே?”

“குணம் அப்பாகிட்டயிருந்து எவ்வளவு வந்துச்சு, மண்ணுலயிருந்து எவ்வளவு வந்துச்சுன்னு கணக்குப் போடுவேன்.”

தனபாக்கியம் திரும்பிப் பார்த்தாள். வரப்பில் அவள் கணவரும் மகனும் ஒரே மாதிரி இடுப்பில் கைவைத்து, காரை எங்கே நிறுத்துவது என்று ஒரே குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“எங்க வீட்டுல மண்ணு மேல தப்பே இல்லம்மா,” என்றவள், தேடும்போது அடையாளம் காட்டக் கொண்டுவந்த, மிச்சமிருந்த ஒற்றைப் பையை நீட்டினாள். “அந்த ஓரத்துல ஒண்ணு வெறுந்தலையா நிக்குது பாரு.”