இருபத்து மூன்றாவது கடை

எதிரில் இவள் உட்கார்ந்திருக்க, தோழி சாக்லேட்டின் நடுவில் கத்தியை வைத்து அழுத்தினாள். அது இரண்டாகப் பிளந்தது.

பெரிய பாதி எது என்று இருவரும் ஒரு நொடி உற்றுப் பார்த்தார்கள். நாற்பதைத் தாண்டியும் அந்தப் பள்ளிக்கூடப் புத்தி போகவில்லை.

இது இருபத்து மூன்றாவது கடை. சனிக்கிழமைக்கு ஒன்று என்று ஐந்தாறு மாதமாக ஊரைச் சல்லடை போட்டுச் சலிக்கிறார்கள். கேக் கடை, ஐஸ்கிரீம் கடை, சாக்லேட் கடை என்று பலகை மாட்டிய ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. தேடியது இன்னும் கிடைக்கவில்லை, இடுப்பு மட்டும் இருவருக்கும் பெருத்துவிட்டது.

தோழி பல் மருத்துவரிடம் உதவியாளர். வாரத்தில் ஐந்து நாள், மிட்டாயைத் தொட்டால் பல் போய்விடும் என்று பிள்ளைகளை மிரட்டுவாள். ஆறாம் நாள் இப்படி வந்து உட்கார்ந்துவிடுவாள். இந்தத் தேடலே அவள் யோசனைதான்.

தேடுவது இவள் கணவன் வாங்கி வந்த ஒரு சாக்லேட்டை.

அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். இன்று ஊரின் இந்தக் கோடி, நாளை அந்தக் கோடி. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது அவன் சட்டைப்பையில் சாக்லேட் இருக்கும். வெள்ளித்தாள் சுற்றியிருக்கும், அதில் பெயர் எதுவும் இருக்காது.

எந்தக் கடை என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டான். சொல்லிவிட்டால் நீயே போய் வாங்கிக்கொள்வாய், அப்புறம் என்னை யார் மதிப்பார்கள் என்பான்.

சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரு திங்கட்கிழமை காலை, ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. பதினான்கு மாதம் ஆகிறது.

போய்விட்டான் என்று முழுதாகச் சொல்லவும் முடியாது. வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கு வாசலில் கால் தேய்க்கும் சத்தம் கேட்கும். ஓடிப்போய்ப் பார்த்தால் மிதியடி மட்டும் கிடக்கும். கொக்கியில் தொங்கும் அவன் சட்டைப்பைக்குள் இவள் கை தானாகப் போகும், காலியாகத் திரும்பும். அப்போது தொண்டையில் அந்த ருசி வரும்.

முதலில் கசப்பு. பிறகு தீய்ந்த சர்க்கரை. எல்லாம் கரைந்து முடிந்தது என்று நினைக்கும்போது, தொண்டையின் அடியிலிருந்து மிளகு.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை அதுவும் வரவில்லை.

அன்றுதான் இவளுக்குப் பயம் பிடித்தது. அவன் குரல் ஏற்கெனவே மங்கிவிட்டது. எப்படிச் சிரிப்பான் என்பதற்கு போனில் இருக்கும் ஒரு வீடியோவைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ருசியும் போய்விட்டால் அவன் மொத்தமாகப் போய்விடுவான். நாக்கு மறப்பதற்குள் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

"இன்னிக்கு இல்லன்னா அடுத்த சனிக்கிழமை. நமக்குச் சக்கரை வியாதி வர்றதுக்குள்ள கண்டுபிடிச்சிடலாம், விடு."

தோழி கடைக்குக் கடை இதைச் சொல்வாள். இவளும் கடைக்குக் கடை சிரிப்பாள்.

நடப்பதும் எங்கேயும் ஒன்றுதான். ஆளுக்குப் பாதி, இருவரும் சேர்ந்தாற்போல் வாயில் போடுவார்கள். இவள் மென்று, யோசித்து, முடிவு சொல்லாமல் இழுப்பாள். அதற்குள் தோழி இல்லை என்று தலையாட்டிவிடுவாள். தன் முகத்தைப் பார்த்தே கண்டுகொள்கிறாள் என்று இவளுக்கு அது ஆறுதலாக இருக்கும். முப்பது வருஷப் பழக்கம், முகம் தெரியாதா என்ன?

இந்தக் கடை பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் ஒடுங்கியிருந்தது. இரண்டே மேஜை. கடைக்காரம்மா தலையில் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடையின் இஸ்திரி ஆவி இங்கேயும் வந்தது.

இருவரும் பாதியை எடுத்து வாயில் போட்டார்கள்.

கசந்தது. பிறகு இனித்தது. தீய்ந்த மணம் மூக்குவரை வந்தது.

இவள் காத்திருந்தாள். தொண்டையில் ஏதோ இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. மிளகா, வெறும் ஆசையா என்று பிடிபடவில்லை. எச்சிலை விழுங்கிப் பார்த்தாள். அப்போதும் தெரியவில்லை.

பயந்தது நடந்தேவிட்டது, நாக்கு மறந்துவிட்டது. அழுகை வந்தது. கடைக்காரம்மா பார்த்துவிடக் கூடாதே என்று இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"இதுதான்டி."

தோழியின் குரல். தழுதழுத்திருந்தது.

இவள் கையை விலக்கிப் பார்த்தாள். தோழி இவள் பக்கமே பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடியிருந்தாள். மூடிய இமைக்குள்ளிருந்து நீர் தாரையாக இறங்கியது. வாய் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்தது. கரைந்து போய்விடக் கூடாது என்று காப்பாற்றுகிறவளைப் போல இருந்தாள்.

கிடைத்துவிட்டான். ஐந்தாறு மாதமாகக் கூடவே அலைந்த அந்தக் கையைப் பற்றிக்கொள்ள இவள் சந்தோஷமாகத் தன் கையை நீட்டினாள்.

நீட்டிய கை பாதி மேஜையில் நின்றுவிட்டது.

அவன் கொண்டுவந்தது வாரத்துக்கு ஒன்றே ஒன்றுதான். சேர்ந்து வாழ்ந்த பதினோரு வருஷமும் இவள் அதை அடுப்படியில் நின்று தனியாகத் தின்று தீர்த்தாள். ஒரு துணுக்கைக்கூட யாருக்கும் கொடுத்ததில்லை, தோழிக்கும்தான்.

அதன் ருசி எப்படி இருக்கும் என்று, இந்த இருபத்து மூன்று கடைகளில் ஒன்றில்கூட, இவள் சொன்னதும் இல்லை, தோழி கேட்டதும் இல்லை.