விருந்தாளியின் இலக்கு

மகள் ஜெனிட்டா மாநிலக் கபடி அணிக்குத் தேர்வான செய்தி வந்ததுமே புஷ்பம் சீலா மீனைக் கழுவிக் குழம்பு கூட்டிவிட்டாள். ஆளுக்கேற்ற உடல்நல இலக்கு பார்த்தே எரியும் பேசும் அடுப்புதான் பற்றவில்லை. "யாருக்கு? எந்த இலக்குக்கு?" என்று வழக்கம்போலக் கேட்டது.

"எல்லாருக்கும்தான். கொண்டாட்டம்!"

"அப்படியோர் இலக்கு பதிவில் இல்லை. சவரிமுத்துவுக்கு இதய நலம், கீரை. ஜெனிட்டாவுக்குத் தசை வலு, கோழி."

கணவனுக்கு ஒரு சட்டி, மகளுக்கு ஒரு சட்டி என்று ஆகி வருடக்கணக்காகிவிட்டது. ஒரே குழம்பை மூன்று பேரும் ஊற்றிச் சாப்பிட்டதே புஷ்பத்துக்கு மறந்துபோயிருந்தது.

"ஒரு நாள் மீன் தின்னா செத்தா போயிருவேன்?" என்றார் சவரிமுத்து.

புஷ்பத்துக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. மகளின் காதோரம் குனிந்தாள். "ஏட்டி, அப்பாவ இழுத்துக்கிட்டு வெளிய போயி பெல் அடி!"

சவரிமுத்து செருப்புகூட மாட்டாமல் ஓடினார். மணி அடித்தது.

"வாங்க, வாங்க!" தெருவுக்கே கேட்கும்படி கூவினாள் புஷ்பம். "வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க!"

அடுப்பு சற்று யோசித்தது. "விருந்தாளிகளின் இலக்கு?"

வாசலிலிருந்து அப்பாவும் மகளும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"பசி!"

அடுப்பு குப்பென்று பற்றிக்கொண்டது.