பெட்டி வாசனை

சபிஹா ஓவன் கதவைத் திறக்கிறாள். முகத்தில் அடிக்கும் சூட்டில் சாக்லேட் மணம் இல்லை, குளியலறை நெடிதான் இருக்கிறது. முந்தாநாள் துபாயிலிருந்து விடுப்பில் வந்த கணவன் யூனுஸ், சாக்லேட் கட்டிகளோடு சோப்பையும் தைல பாட்டிலையும் ஒரே பெட்டியில் திணித்து எடுத்துவந்திருக்கிறான். தட்டில் அந்தச் சாக்லேட்டில் செய்த பிஸ்கட்டுகள் கன்னங்கரேலென்று இளகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அதிராம்பட்டினம் கடைத்தெருவில் வாங்கிய செர்ரிகள் சாயம் கக்கி, நசுக்கிய மூட்டைப்பூச்சிகள் போல நடுநடுவே சிவந்திருக்கின்றன. ஆறவிட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு ஒன்றைக் கடிக்கிறாள். இனிப்புக்கு அடியிலிருந்து தைலம் எழும்பித் தொண்டையைப் பிடிக்கிறது. சட்டென்று உள்ளங்கையில் துப்பி விரல்களை மூடிக்கொள்கிறாள். எதிரே அவளுடைய மாமியார், “வெளிநாட்டுச் சாமான்னா அந்த வாசனையே தனிதான்” என்று விரலில் அப்பிய கசடை நக்குகிறார். சபிஹா அந்த நாக்கிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொள்கிறாள். பக்கத்தில் யூனுஸ் ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றுகொண்டிருக்கிறான். அவனருகே குனிந்து, “மச்சான், சோப்பைக் கடிக்கிற மாதிரி இருக்கு. உங்களுக்குத் தெரியலையா?” என்கிறாள். அவன் மெல்வதை நிறுத்தி மோந்து பார்க்கிறான். “அப்படியா? அங்க துபாய் ரூம்ல கட்டிலுக்கு அடியில ஒரு பெட்டிதானே எனக்கு. சோப்பும் அதுலதான், ரொட்டியும் அதுலதான். எது தின்னாலும் இப்படித்தான் இருக்கும்.” இன்னொன்றை எடுக்கிறான். “நல்லாத்தான் இருக்கு சபிஹா. போறப்ப ஒரு டப்பா செஞ்சு குடு.” மூடிய கைக்குள் அந்தக் கறுப்புக் கூழ் வெதுவெதுவென்று விரலிடுக்கில் கசிகிறது. சபிஹா கையைத் திறக்கவில்லை.