ஐந்தாவது ஆள்

நீதிமன்றப் பணியாள் ஐந்தாவது பெயரை இரண்டாம் முறையாகக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை.

கூண்டில் நான்கு பெண்கள் நின்றார்கள். கண்டக்டர் அக்கா, அவளுடைய தம்பி மனைவி, பக்கத்து வீட்டுத் தையல்காரி, எதிர் வீட்டு நர்ஸ்.

கண்டக்டர் அக்கா பதினாறு வருடம் பஸ்ஸில் தலை எண்ணியவள். ஏறிய தலைக்கும் கிழித்த டிக்கெட்டுக்கும் ஒன்று இடித்தாலும் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிடுவாள். இப்போது எதுவும் இடிக்காதவள் போல நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் தம்பியால் வந்தது. எலக்ட்ரீஷியன். நாற்பத்து மூன்று நாளுக்கு முன்னால் கடைத்தெருவில் நடந்த தடியடியைச் செல்போனில் படம் பிடித்தான். அன்று சாயங்காலமே, ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று சொல்லி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பவில்லை.

அப்படி ஒரு ஆளை நாங்கள் பார்த்ததே இல்லை என்று போலீஸ் கையை விரித்தது. அக்கா மேல்கோர்ட்டில் மனுப் போட்டாள். அங்கே சத்தியம் செய்தும் அதையே சொன்னது.

மேல்கோர்ட் தீர்ப்பு மூன்று பக்கம். மனித உயிரும் சுதந்திரமும் எவ்வளவு புனிதமானவை என்று முதல் இரண்டு பக்கத்தில் அழகாக எழுதியிருந்தார்கள். மூன்றாவது பக்கத்தில், அவன் காவலில் இருப்பதைக் காட்ட மனுதாரர் ஒரு துண்டுக் காகிதம்கூடத் தாக்கல் செய்யவில்லை என்று மனுவைத் தள்ளியிருந்தார்கள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறவன் ரசீது கிழித்துக் கையில் கொடுத்துவிட்டா போவான்?

மறுநாளே ஸ்டேஷன் வாசலில் போய் நின்றாள். ஊரில் தடை உத்தரவு இருந்தது, ஐந்து பேர் சேர்ந்து நின்றால் குற்றம். அதனால் நான்கே பேர். தினமும் எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை, வாயே திறக்காமல். பத்தே காலுக்கு அவளுக்கு டியூட்டி.

இன்ஸ்பெக்டர் வந்து வந்து எண்ணிப் பார்ப்பார். எத்தனை தடவை எண்ணினாலும் நான்குதான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

இன்று காலை நால்வரும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் போட்டார்கள். யாரும் அதில் உட்காரவில்லை.

இன்ஸ்பெக்டருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. எல்லாரையும் பிடித்து உள்ளே போடு, ஐந்து என்று எழுது என எழுத்தரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

எழுத்தர் மாற்றலாகி வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ஊரும் தெரியாது, ஊர்க்கதையும் தெரியாது. படிவத்தில் ஐந்தாவது வரி காலியாகக் கிடந்தது. அது நிரம்பாவிட்டால் கேஸ் நிற்காது. பேனா மூடியைக் கடித்தபடி நாற்காலியைப் பார்த்தார்.

"இதுல உக்கார வேண்டிய ஆளு யாரும்மா?"

அவள் சொன்னாள். பெயர், அப்பா பெயர், வயது, தொழில், இடது புருவத்தின் மேல் இருக்கும் தழும்பு. அவர் எழுதுவதற்கு வசதியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

தப்பி ஓடிவிட்டான் என்று போட்டால் தேடச் சொல்வார்கள், அது தனித் தலைவலி. எழுத்தர் ஐவரும் கைது, ஐவரும் காவலில் என்று எழுதி முடித்தார். இன்ஸ்பெக்டர் வழக்கம்போலப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

பணியாள் மூன்றாம் முறையாக அந்தப் பெயரைக் கூப்பிட்டார். நல்ல கனத்த குரல். வராந்தா முழுக்கக் கேட்டது.

தம்பி மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். நாற்பத்து மூன்று நாளில் அரசாங்கத்தின் வாயிலிருந்து அவன் பெயர் வருவது இதுதான் முதல் தடவை.

நீதிபதி கூண்டைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், ஐந்தாவது ஆள் எங்கே என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் கூரையைப் பார்த்தார்.

அரசு வக்கீல் அந்தப் பெயரை மறக்கவில்லை. மேல்கோர்ட்டில் அப்படி ஒருவர் போலீஸ் கையில் இல்லவே இல்லை என்று வாதாடியவர் அவர்தான். அவசரமாக எழுந்தார். கைதவறி எழுதிவிட்டார்கள், நின்றது நான்கு பேர்தான், வழக்கையே திரும்பப் பெற்றுக்கொள்கிறோம், நால்வரும் இப்போதே வீட்டுக்குப் போகலாம் என்று மூச்சுவிடாமல் சொன்னார்.

நீதிபதி கண்டக்டர் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா, நாலு பேர்தானே இருந்தீங்க?"

ஆமாம் என்றால் போதும். பத்தே கால் வண்டி போய்விட்டது, மதிய வண்டியையாவது பிடித்துவிடலாம். இல்லை என்றால் ஆறு மாதம் ஜெயில், பதினாறு வருட வேலையும் போய்விடும். பயமாகத்தான் இருந்தது. மற்ற மூவரையும் ஒருமுறை பார்த்தாள். தையல்காரி, நினைத்ததைச் சொல்லித் தொலையேன் என்பது போலத் தலையை ஆட்டினாள்.

"இல்லீங்கய்யா. அஞ்சு பேரு. குத்தத்தை ஒத்துக்கிறோம். எழுதிக்குங்க."

அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தக் காகிதத்துல மட்டும் எனக்கு ஒரு நகல் குடுங்க" என்றாள். "மேல்கோர்ட்டுல கேட்டிருந்தாங்க."