கண்ணுக்கு ஏற்ற மாதிரி

மறுபடியும் மங்கல்தான்.

காமிராவைக் கண்ணிலிருந்து இறக்கினார். உப்பளம் பளிச்சென்று இருந்தது. பாத்தித் தண்ணீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. இந்த வயதிலும் அவருக்குத் தூரப் பார்வையில் ஒரு குறையும் கிடையாது.

திரும்பக் கண்ணில் வைத்தார்.

பறவைகள் கரைந்து வெளிறிய சிவப்புத் திட்டுகளாயின.

அப்படியே பொத்தானை அழுத்தினார். பின்பக்கத் திரையில் படம் வந்தது. வளைந்த அலகு, குச்சிக் கால், காலைச் சுற்றி நீர்வளையம். எல்லாம் துல்லியமாக விழுந்திருந்தன.

படம் தெளிவாக வருகிறது. பார்க்கத்தான் முடியவில்லை.

அவருக்குப் படம் எதற்கு? மகள் எடுத்தவையே கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. அவள் கண் வைத்த துளையில் தன் கண்ணை வைக்க வேண்டும். அவள் பார்த்த மாதிரி ஒரு தடவை பார்க்க வேண்டும். அவள் போன பிறகு அவர் ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான். அதற்கும் இந்தக் கறுப்புப் பெட்டி முரண்டு பிடித்தது.

ஒருவேளை அவளைத் தவிர யாருக்கும் காட்டுவதில்லை என்று இருக்கிறதோ. கிறுக்குத்தனமான நினைப்புத்தான். ஆனாலும் அந்த நினைப்பு வந்தபோது காமிரா மேல் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

இதை வாங்கிய சாயங்காலம் முழுக்க அப்பாவும் மகளும் இஸ்மத்தின் காமிராக் கடையில் நின்றார்கள்.

சுற்றுலா போகிறவர்கள் வாங்குவதற்கு ஒரு படி மேலே, கல்யாண வீட்டில் படம் எடுக்கிறவர்கள் வாங்குவதற்கு ஒரு படி கீழே. அந்த நடுப்படியில்தான் வேண்டும் என்று ஜெனோவா முன்பே தீர்மானித்திருந்தாள். அதில் எது என்பதில்தான் இழுத்தடித்தாள். இஸ்மத் சொன்ன இலவசப் பையையும் கூடுதல் லென்ஸையும் அவள் காதில் வாங்கவே இல்லை. ஒவ்வொரு காமிராவாகக் கையில் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, பொத்தான்களை விரலால் தேடினாள். விரலுக்கு வழி பிடிபடாததைத் திருப்பிக் கொடுத்தாள்.

மாப்பிள்ளை பார்க்கக்கூட இவ்வளவு நேரம் ஆகாது என்று இஸ்மத்திடம் அலுத்துக்கொண்டார்.

கடைசியில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். அதைத்தான் வாங்கினார்கள்.

அந்த மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் ஒரே வாரத்தில் அவளைக் கொண்டுபோய்விட்டது.

சவப்பெட்டியை மூடுவதற்கு முன் அவள் அம்மா மூக்குக் கண்ணாடியை எடுத்து வந்து மாட்டிவிட்டாள். இது இல்லாமல் எதிரில் நிற்கிற ஆள்கூடப் பிள்ளைக்குத் தெரியாதே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பங்குச்சாமியார் காத்திருந்தார்.

உப்பளத்திலிருந்து நேரே கடைக்குப் போனார்.

இஸ்மத் எழுந்து நின்றான். அடக்கத்துக்கு வந்திருந்தவன். மகளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கீழே விழுந்ததா என்று மட்டும் கேட்டுவிட்டு, காமிராவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தான். ஊதினான். மாட்டினான். தன் கண்ணில் வைத்துப் பார்த்தான்.

அவன் முகம் தெளிந்தது. கண் வைக்கும் துளையின் ஓரத்தில் இருந்த மிளகளவு சக்கரத்தை நகத்தால் உருட்டினான். அவரிடம் கொடுத்துக் கண்ணில் வைக்கச் சொல்லி இன்னும் கொஞ்சம் உருட்டினான்.

எதிர்ச்சாரி டீக்கடை தெரிந்தது. பாய்லரின் பித்தளை, அதில் அப்பியிருந்த திருநீறு, எழும் ஆவி. இத்தனை தெளிவு. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

"காமிராவுல ஒரு பழுதும் கிடையாது அண்ணாச்சி. பாப்பாவுக்குப் பவர் ஜாஸ்திலா. கண்ணாடிய கழட்டிட்டுப் பாக்கதுக்குத் தக்கன இந்த வீல திருப்பி வச்சிருக்கு. அதான் உங்களுக்கு மங்கலாத் தெரிஞ்சிருக்கு. இப்பம் உங்க கண்ணுக்கு ஏத்த மாதிரி வச்சிட்டேன்."

அவர் காமிராவை மெல்ல இறக்கினார்.

இத்தனை நாளும் காலையில் உப்பளத்தில் நின்று எதைத் திட்டிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் விளங்கியது.

அவள் கண்ணை.

மண்ணுக்குப் போகாமல் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதைச் சரிபண்ணித் தரச் சொல்லி அவரே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"முன்ன எந்த இடத்துல இருந்துச்சு தம்பி?"

இஸ்மத்துக்கு முதலில் கேள்வி புரியவில்லை. புரிந்ததும் சக்கரத்தைப் பார்த்தான். அதில் எண் எதுவும் கிடையாது. இந்தப் பக்கம்தான் இருந்தது என்றான். பிறகு, இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கும் என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் மேல் என்ன தப்பு. நல்லதுதான் செய்தான். அவர் அவன் தோளைத் தொட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்.

காமிராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு சக்கரத்தை உருட்டினார். பாய்லர் மங்கியது. இவ்வளவுதானா, இன்னும் கூடுதலா? கொஞ்சம் உருட்டினார். டீ ஆற்றுகிறவர் கரைந்தார். அவளுக்கு இந்த இடத்தில் இலையின் நரம்புகூடத் தெரிந்திருக்கும். இந்த இடமா, இதற்கு அடுத்த இடமா? எல்லா மங்கலும் அவருக்கு ஒன்று போலவே இருந்தன.

சட்டை நுனியால் துளையில் பட்டிருந்த ஈரத்தைத் துடைத்தார். தெளிவிலிருந்து மறுபடி ஆரம்பித்துப் பார்க்கலாம் என்று இஸ்மத் வைத்த இடத்துக்கே கொண்டுவந்தார்.

மங்கல்.

கொஞ்சம் இந்தப் பக்கம் உருட்டினார். மங்கல்.

அந்தப் பக்கம் உருட்டினார். அதுவும் மங்கலாகத்தான் இருந்தது.