எந்தக் கண்ணில் பச்சை

இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் ஒரு சொட்டு திரவப் படிகம். கிளிப்பச்சை.

ஆய்வக மேசையில் குனிந்து அவள், சினிமா தியேட்டரில் கொடுக்கும் முப்பரிமாணக் கண்ணாடியைத் தன் மூக்குக்கண்ணாடிக்கு முன்னால் பிடித்தாள். இடது கண்ணை மூடினாள். பச்சை தெரிந்தது. வலது கண்ணை மூடினாள். கறுப்பு.

சரி. அதன் வலது வில்லை வலமுறுக்கு ஒளியை மட்டும் விடும், இடது வில்லை இடமுறுக்கு ஒளியை மட்டும். அப்படியானால் சொட்டின் முறுக்கு வலப்பக்கம்தான்.

சொட்டுக்குள் மூலக்கூறுகள் சுற்று மாடிப்படி மாதிரி வலப்பக்கமாகச் சுற்றி அடுக்கியிருக்கின்றன. புற ஊதா ஒளி பட்டால் அந்தப் படி அவிழ்ந்து, எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும். அப்போது பச்சை இடது கண்ணுக்குப் போகும்.

அப்படி முறுக்கை மாற்றும் பொருளைத் தயாரிக்க அவளுக்கு ஏழு மாதம் ஆனது. மிச்சம் இருப்பது இந்தச் சொட்டில் கலந்ததுதான்.

இரண்டு முறை தோற்றாயிற்று. புற ஊதா விளக்கின் சூட்டில் முறுக்கு பாதி வழியில் மனம் மாறிப் பழையபடியே திரும்பிக்கொண்டது. இன்றும் அப்படியானால் ஆராய்ச்சியை மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டார் பேராசிரியர். தோற்றால் திங்கள்கிழமையிலிருந்து விளக்கு பிரிஸில்லாவுக்கு.

துறையில் இருப்பது அந்த ஒரே விளக்கு.

பிரிஸில்லா பின்னால் குடுவை கழுவிக்கொண்டிருந்தாள். விடுதியில் அவளுடைய அறைத்தோழி. பாவம், அவளும் நாலு மாதமாக அந்த விளக்குக்குக் காத்திருக்கிறாள்.

இந்த முறை சூடு ஏறாமலிருக்க மேசை விசிறி ஓடியது.

விளக்கைப் போட்டாள்.

பச்சை மஞ்சளானது. மஞ்சள் ஆரஞ்சானது. சிவப்பு.

பிறகு ஒன்றுமில்லை. வெறும் கண்ணாடி.

இந்த இடத்தில்தான் உயிர் போகும். முறுக்கு முழுதும் அவிழ்ந்துவிட்டது. இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று சொட்டு யோசிக்கிறது. அவள் நகத்தைக் கடித்தாள். கையுறை ரப்பர் கசந்தது.

சிவப்பு.

ஆரஞ்சு, மஞ்சள். பச்சை வந்துவிட்டது!

விளக்கை அணைத்தாள். மேசையில் துழாவி முப்பரிமாணக் கண்ணாடியை எடுத்தாள். காதில் மாட்டும் கம்பிகள் போன மாதமே ஒடிந்துவிட்டன. முன்சட்டம் மட்டும்தான். அவசரமாகக் கண்ணுக்கு முன்னால் பிடித்தாள்.

இடது கண்ணை மூடினாள்.

பச்சை.

வலது கண்ணை மூடினாள். கறுப்பு.

அதே வலது கண். ஏழு மாதமும் போச்சு. அழுகை வெட்கமில்லாமல் வந்தது. சட்டத்தைக் கண்ணிலிருந்து எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

குழாய்ச் சத்தம் நின்றது. பிரிஸில்லா ஈரக் கையோடு வந்து எதிரே குனிந்தாள். சொட்டைப் பார்க்கவில்லை. அழுகிறவளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு விளக்கைப் பார்த்தாள், கொஞ்ச நேரம்.

“ஏட்டி, ஒனக்கு மூக்கு நெத்தியிலயா இருக்கு?”

அவள் தடவிப் பார்த்தாள். மூக்கில் உட்கார வேண்டிய வளைவு புருவத்துக்கு மேலே இருந்தது. சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாள். இடது கண்ணுக்கானது வலது கண்ணுக்கு முன்னால்.

நேராகத் திருப்பினாள்.

வலது கண்ணில் கறுப்பு. இடது கண்ணில் பச்சை. மூன்று தரம் பார்த்தாலும் பச்சை.

அவள் போட்ட கூச்சலில் எதிர் ஆய்வகத்தில் யாரோ எதையோ கீழே போட்டார்கள்.

பிரிஸில்லாவும் வாங்கிப் பார்த்தாள். “சீக்கிரம் போட்டோ எடுட்டி” என்று முதுகில் ஒன்று வைத்தாள். ஈரக் கை, நன்றாகவே வலித்தது.

படம் எடுத்து முடித்துத் திரும்பியபோது பிரிஸில்லா குளிர்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தன் குப்பிகளில் ‘திங்கள்’ என்று எழுதி ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மூன்று குப்பி முடிந்திருந்தது.

அதைப் பார்த்த அவள் விளக்குக்கான பதிவேட்டை இழுத்துத் திறந்தாள். திங்களுக்கு நேரே பிரிஸில்லாவின் பெயரை எழுதினாள்.

செவ்வாய்க்கும் சேர்த்தே.